மேடைத் தரை தெரியாத அரங்கம்

எங்கள் ஊரில் நானூறு பேர் உட்காரும் சின்ன நாடக அரங்கம் ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி வழி கேட்டால் ஆட்டோக்காரரும் சொல்வார், பூக்கடைக்காரம்மாவும் சொல்வார். கேட்காமலே அதை வடிவமைத்தவளின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பத்து வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவள் என் சிநேகிதி. கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் அப்பாவுக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. என் அப்பா தொடக்கப்பள்ளி வாத்தியார். அம்மா சாணார்பட்டிப் பக்கம் எங்களுக்கிருந்த துண்டு நிலத்தில் தக்காளியும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்தாள். கணக்கில் எப்போதும் நான்தான் முதல். அவள் இரண்டாவதோ மூன்றாவதோ வருவாள், வந்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்காது. முதலாவதாக வந்த நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருப்பேன்.

தவக்காலம் வந்தால் எங்கள் கோயில் பங்கில் பாஸ்கா போடுவார்கள். இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பது. இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்து நிறுத்தி, மேலே பலகை அடித்தால் மேடை. சனங்கள் மைதானத்து மணலில் உட்காருவார்கள், மறைத்தால் நகர்ந்து உட்காருவார்கள். அவளுக்கு வருஷா வருஷம் ஒரே வேஷம், சம்மனசு என்கிற வானதூதர். சவுக்குக் கம்பு சாரத்தின் உச்சியில், ஜிகினா ஒட்டிய சிறகோடு நின்று ‘அஞ்சாதீர்கள்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். ஊரே அண்ணாந்து பார்க்கும். எனக்குக் கிடைத்தது ஆண்டவரின் பாதத்தைக் கண்ணீரால் கழுவித் தலைமுடியால் துடைக்கும் பாவிப்பெண் வேஷம். முதலிலிருந்து கடைசிவரை தரையில்தான் கிடப்பேன். அழுது முடித்து எழுந்தால் முழங்காலெல்லாம் பலகைச் சிராய் ஏறியிருக்கும். அவள் சாரத்திலிருந்து இறங்கி வந்து, பின்னூசியால் அதை எடுத்துவிடுவாள். அப்போதும் எனக்கு அவள் சிறகு மேல்தான் கண்.

பன்னிரண்டாவது முடிந்ததும் அவள் ஆர்க்கிடெக்ட் ஆவதற்குச் சென்னைக்குப் போனாள். ஐந்து வருஷப் படிப்பு. எனக்கும் அதுதான் ஆசை. அப்பா, "மூணு வருசத்துல டிப்ளமோ முடிச்சா கைக்கு ஒரு வேலை. அது போதும்த்தா," என்றார். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, ஊரில் ஓர் இன்ஜினியரின் ஆபீசில் படம் வரைபவளாகச் சேர்ந்தேன். கல்யாணமும் ஆகி, பிள்ளையும் பிறந்தது. வீடு, கடை, கல்யாண மண்டபம், தோல் குடோன் என்று அந்த ஆபீசிலிருந்து போன படங்களில் முக்கால்வாசி என் கை. ஓரத்தில் கையெழுத்து மட்டும் சாருடையது.

வீட்டில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். பிள்ளை தூங்குகிற மத்தியான நேரத்தில் அதில் ஒரு நாடக அரங்கம் வரைவேன். பெண்களுக்குத் தனி ஒப்பனை அறை, உள்ளே தாழ்ப்பாள், ஒரு குழாய். பாஸ்காவில் நாங்கள் ஒரு சேலையை நாலு பேர் பிடிக்க அதன் பின்னால் உடை மாற்றியவர்கள் அல்லவா. அப்புறம் படிக்கட்டு. எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் மேடைப் பலகை தெரிகிற மாதிரி வரிசைகளை ஏற்றி ஏற்றிப் போட்டிருந்தேன். யாரும் என்னிடம் அரங்கம் கேட்கவில்லை, நானாக வரைந்துகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் ஊருக்கே திரும்பி வந்து, கடைவீதி மாடியில் ஆபீஸ் போட்டாள். அதே சமயம் எங்கள் பங்குச் சாமியாருக்கு ஓர் எண்ணம் வந்தது. பாஸ்காவுக்கும், பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களுக்கும், ஊரில் நாடகம் கச்சேரி நடத்துகிற எல்லாருக்கும் பொதுவாக ஒரு நல்ல அரங்கம் கட்ட வேண்டும். எங்கள் சாரிடம் ஒரு பிளான் கேட்டார், அவளிடம் ஒன்று கேட்டார்.

சார் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நம்ம மண்டபம் ஒன்னு போட்டோம்ல, அதே மாதிரி போட்டு ஒரு ஓரத்துல மேடைய வச்சிரு. சாமிக்கு அது போதும்," என்றார். என் நோட்டு கைப்பைக்குள்தான் இருந்தது. எடுத்து அவர் மேஜையில் வைத்திருக்கலாம். ‘உன்னை யார் இதெல்லாம் வரையச் சொன்னா?’ என்று கேட்டுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டு, அவர் சொன்னபடி ஒரு மண்டபத்தை வரைந்து கொடுத்தேன்.

அவளுடைய பிளானைத்தான் எடுத்தார்கள். எடுக்காமல் எப்படி இருப்பார்கள்? பங்கு அலுவலக மேஜையில் விரித்துக் காட்டியபோது நானும் போய்ப் பார்த்தேன். ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்றுதான் போனேன். வெயில் முகத்தில் அறையாமல் முன்பக்கம் முழுக்கச் செங்கல்லை இடைவெளிவிட்டு அடுக்கிய சுவர். உள்ளே நுழைந்ததும் அகலமான படிகள், நாடகம் தொடங்கும்வரை சனங்கள் அதிலேயே உட்கார்ந்து பேசலாம். படியில் உட்கார்ந்தால் எதிரே ஜன்னலில் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும். மேடைக்குப் பின்னால் பெண்களுக்குத் தனி ஒப்பனை அறை. உள்ளே தாழ்ப்பாள். ஒரு குழாய். என் நோட்டை அவள் பார்த்ததே கிடையாது. அதே சேலைக்குப் பின்னால் உடை மாற்றியவள் அவளும். திருடிவிட்டாள் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. நன்றாக இருந்தது, ரொம்ப நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து, உப்பு கூடிப்போன வெஞ்சனத்தை வீட்டுக்காரர் தட்டில் வைத்து, அவர் வாயைத் திறப்பதற்குள் சண்டைக்குப் போனேன்.

அதோடு விட்டதா? கம்பி, கான்கிரீட் கணக்கு வேலை எங்கள் சாருக்கு வந்தது. வேலைப் படங்களை டிரேசிங் பேப்பரில் இங்க்கில் பிரதி எடுக்க ஆள் வேண்டும். அவளே ஆபீசுக்கு வந்து, சார் முன்னால் நின்று, "இவ கைதான் சார் வேணும். இவள மாதிரி கோடு இந்த ஜில்லாவுலயே யாரும் போட மாட்டாக," என்றாள். சாருக்குப் பெருமை. எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. அவள் சாரத்தின் மேல் நிற்பாளாம், நான் கீழே உட்கார்ந்து அவள் கோட்டின் மேல் கோடு போட வேண்டுமாம்.

போட்டேன். மூன்றாவது நாள் நெடுக்கு வெட்டுப்படத்துக்கு வந்தேன். கட்டடத்தைக் கத்தியால் நெடுகப் பிளந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம் அது. மேடை, அதன் எதிரே பதினாறு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மனிதர். கடைசி வரிசை மனிதரின் கண்ணிலிருந்து முன்னால் இருப்பவர் தலைக்கு மேலாக மேடைக்கு ஒரு கோடு இழுத்திருந்தாள். புத்தகத்தில் சொல்லிக்கொடுப்பது அதுதான். ஆனால் அந்தக் கோட்டை அவள் கொண்டுபோய் முடித்திருந்த இடம் மேடைத் தரை இல்லை. தரைக்கு மேலே மூன்றடி, நிற்கிற நடிகரின் இடுப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்காவில் முக்கியமானது எல்லாமே அந்த மூன்றடிக்குக் கீழேதான் நடக்கும். பாதம் கழுவுவது, சிலுவையோடு மூன்று தரம் விழுவது, கடைசியில் மாதா தரையில் உட்கார்ந்து இறந்த மகனை மடியில் போட்டு அழுவது. தரையில் கிடந்தவளுக்குத் தெரியும். சாரத்தின் உச்சியில் சிறகோடு நின்றவளுக்கு எப்படித் தெரியும்? மைதானம் என்றால் சனங்கள் நகர்ந்துகொள்வார்கள். இங்கே நாற்காலியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்போகிறார்கள்.

பென்சிலை எடுத்து, டிரேசிங் பேப்பரிலேயே அதே கண்ணிலிருந்து மேடைத் தரைக்கு என் கோட்டை இழுத்தேன். அழுத்தித்தான் இழுத்தேன். பத்தாவது வரிசையிலிருந்து பின்னால் இருக்கிற எல்லார் கோடும் முன்னால் இருப்பவர் மண்டைக்குள் புகுந்து போயிற்று. பின்பக்கத் தரையைப் படிக்கு மூன்று அங்குலம் கூடுதலாக ஏற்றினால் சரியாகிவிடும். பத்து நிமிஷ வேலை. என் நோட்டில் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் அவள் படங்களைப் பார்க்க வந்தாள். ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தாள். "ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சாடி? உன் கண்ணுக்குத் தப்பாதே," என்றாள்.

அவள் வருவதற்குச் செத்த நேரம் முன்னால்தான் ரப்பர் போட்டு என் கோட்டை அழித்திருந்தேன். "ஒன்னுமில்ல. எல்லாம் சரியா இருக்கு," என்றேன்.

பொய் சொன்னேன் என்று தெரிந்துதான் சொன்னேன். கட்டி முடியட்டும், பின் வரிசையிலிருந்து நாலு பேர் ‘என்னம்மா கட்டியிருக்க?’ என்று கேட்கட்டும், அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு ஒரு தரமாவது நிற்கட்டும் என்று இருந்தது. பின் வரிசையில் உட்காரப்போகிறவர்கள் யார் என்று நான் யோசிக்கவே இல்லை.

அரங்கம் எழும்பியது. நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன், பால் வாங்குவதற்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். பிஷப் வந்து மந்திரித்துத் திறந்துவைத்தார். பேப்பரில் அவள் படம் வந்தது. அடுத்த தவக்காலத்தில் புது அரங்கத்தில் முதல் பாஸ்கா என்று முடிவானதும், பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாதா வேஷம் நீதாம்மா போடணும். சின்ன வயசுல நீ பாவிப்பெண்ணா அழுததை இன்னும் பேசிக்கிடுதாக," என்றார்.

இருபது வருஷமாக ஆசைப்பட்ட வேஷம். "சரி சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அந்தக் கோடு ஞாபகம் வந்தது. மாதாவின் காட்சி முழுக்கத் தரையில். அதற்குள் கான்கிரீட் இறுகி நாற்காலியும் முடுக்கியாகிவிட்டது. மேடையில் ஓர் உயரமான பெஞ்சு போட்டு அதில் உட்காரட்டுமா என்று ஒத்திகையில் கேட்டுப் பார்த்தேன். நாடகத்தை நடத்துகிற அண்ணன், "ஏன்த்தா, மாதா தரையிலதான உக்காருவாக? பெஞ்சுல உக்காந்து மகனைப் போட்டா பஸ்ஸுக்குக் காத்திருக்க மாதிரி இருக்கும்," என்றார். தரையிலேயே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன்.

நீலத்தில் சின்னாளப்பட்டிச் சேலை எடுத்தேன். அம்மாவிடம் முன்கூட்டியே வந்துவிடச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு என்று தக்காளி ஏற்ற வேண்டிய வேன் தாமதமாக வந்து, அவள் சாணார்பட்டி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தபோது நாடகம் தொடங்கிவிட்டது. அம்மா நாலரை அடிதான் இருப்பாள். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

சாயங்கால நாடகம். என் காட்சி வந்தது. தரையில் உட்கார்ந்தேன். மகனாக நடித்த தம்பியை என் மடியில் சாய்த்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். முதல் ஒன்பது வரிசை முகங்கள் தெரிந்தன. அதற்குப் பின்னால் வெறும் தலைமுடி, ஒன்றிரண்டு நெற்றி. பின்னால் அவ்வளவு பேர் இருந்தார்கள், அவர்களால் எங்களைப் பார்க்கத்தான் முடியவில்லை. அம்மாவைத் தேடினேன். அழ வேண்டிய இடத்துக்கு இரண்டு வரி முன்பே அழுதுவிட்டேன்.

அப்போதுதான் பின்னால் ஒருவர் எழுந்தார். அவர் மறைத்ததால் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். பின்பாதி முழுக்க எழுந்து நின்றது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் நிற்கிறார்களே, நாம் உட்கார்ந்திருக்கிறோமே என்று அவர்களும் எழுந்தார்கள். கடைசியில் சாமியாரே எழுந்து கைகூப்பி நின்றார். நானூறு பேர் நின்ற கூட்டத்தில் நாலரை அடி அம்மா எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாடகம் முடிந்ததும் சாமியார் மைக்கைப் பிடித்தார். "மாதாவுக்கு முன்னால நம்ம சனங்க தானா எந்திரிச்சு நின்னாகளே! அம்புட்டு பக்தி. இந்தப் புண்ணிய இடத்தைக் கட்டின மகளுக்குத்தான் அந்தப் பெருமை," என்று அவளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போட்டார். அவள் செய்த தப்புக்கு அவளுக்கே பொன்னாடை. மாதா வேஷத்தைக் கலைக்காமலே திரைக்குப் பின்னால் நின்று கைதட்டினேன். அன்றைக்கு என் மனசில் ஓடியதை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நினைத்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கன்னத்தைத் தடவினாள். "நல்லா அழுதியாமே. பக்கத்துல இருந்தவுக சொன்னாக," என்றாள்.

"நீ பாக்கலையாம்மா?"

"எனக்கு எங்கத்தா தெரியிது? குரல் கேட்டுச்சு. அது போதும். அடுத்த வருசம் முன்னாடியே வாரேன்."

அடுத்த வருஷம் மாதா வேஷம் வேறு ஒருத்திக்குப் போயிற்று. எனக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கு மூன்றாவது வருஷம் அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அரங்கத்தில் மட்டும் அந்தக் காட்சி வந்தால் எழுந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. எதற்காக எழுந்தோம் என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, நான் கம்ப்யூட்டரில் படம் போடக் கற்று, வீட்டு முன்னறையில் தனியாகவே வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் அவள் வந்தாள். கக்கத்தில் ஒரு பழைய சுருள். அரங்கத்து நாற்காலிகள் உடைந்துவிட்டன, புதிதாகப் போடப்போகிறார்கள், அதோடு பின் வரிசைத் தரையையும் ஏற்றிவிடலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். புதிதாக வந்திருந்த சாமியாரும் பங்குப் பேரவையும் சம்மதிக்கவில்லையாம்.

"மேடை தெரியாமதான் எந்திரிக்கிறாகன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாக. பக்தியில எந்திரிக்கிறாகளாம். நான் கட்டுனதை நானே குறை சொல்றேன்னு சிரிக்கிறாக," என்றாள். "நீ வந்து சொல்லுடி. மாதாவா அங்க உக்காந்தவ நீதான."

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவள் சுருளை என் மேஜையில் விரித்தாள். அந்த நாளைய அமோனியா பிரின்ட். ஊதாக் கோடுகள் மங்கியிருந்தன. நெடுக்கு வெட்டுப்படத்தில் கடைசி வரிசை மனிதரின் கண்மேல் விரலை வைத்து மேடைவரை நகர்த்தினாள். அவளுடைய கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு, தலைமுடிபோல மெலிசாக, மேடைத் தரையில் போய் முடிந்தது. அழுத்திப் போட்ட பென்சில் கோட்டை எவ்வளவு அழித்தாலும் டிரேசிங் பேப்பரில் கொஞ்சம் தங்கிவிடும், பிரின்ட் போட்டால் காட்டிக்கொடுக்கும். மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"எப்பப் பாத்த?"

"பிரின்ட் வந்த அன்னைக்கே. பின்பக்கம் கான்கிரீட் போடுறதுக்கு முந்தி."

"பிறகு ஏன் மாத்தல?"

அவள் பிரின்ட்டின் ஓரத்தை மடித்தாள், நீவிவிட்டாள், மறுபடி மடித்தாள். "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். வரல. நானா மாத்தலாம்னா, அது உன் கோடு. முதமுதல்ல எனக்குன்னு ஒரு கட்டடம், அதுலயும் நீ வந்து முதல்ல உக்காந்துக்கிடுவேன்னு இருந்துச்சு. கணக்குல எப்பவும் நீதான முதல். நான் சிரிச்சு மழுப்பிக்கிட்டே இருந்தேன்ல."

அவளுக்கு என்மேல் பொறாமை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதைச் சொல்லாமல் விட்டால் இதையெல்லாம் எழுதுவதில் அர்த்தமில்லை. நிஜமாகவே நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம். அது அடங்குவதற்குள் அம்மாவின் முகம் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டிருந்ததில் மாட்டிக்கொண்டவள் அவள்தான்.

அன்றைக்கே அரங்கத்துக்குப் போனோம். புதுச் சாமியாரும் வந்து நடுவில் நின்றார். சிநேகிதி மேடையேறினாள். நான் கடைசி வரிசைக்கு நடந்தேன். அந்த நாற்காலியில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அம்மா நாலரை அடி என்பதால், இருக்கையில் சரிந்து தாழ்ந்து உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த வரிசைகளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள்.

சம்மனசு வேஷத்தைத் தவிர வேறெதுவும் போடாதவள் மேடை நடுவில் காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தாள். என்னைவிட நன்றாக உட்கார்ந்திருக்கிறாளோ என்றுதான் முதலில் தோன்றியது. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளின் தலைகள்தான் இருந்தன.

"தெரியுறேனாடி?" என்று அவள் குரல் மட்டும் வந்தது.

சாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல சாமி. இங்கயிருந்து ஒன்னுமே தெரியல," என்றேன். "படம் வரையும்போதே பாத்தேன். சொல்லாம விட்டுட்டேன். அன்னைக்கு எங்கம்மா இந்த இடத்துலதான் இருந்தாக."